ஒரு புழு எந்தத் தாளில் வரும்?

பாம்பன் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால், கரைக்குப் பக்கத்திலேயே சிறு தீவு ஒன்று தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவு அது. அதன் கரையோர மணலுக்குள் பாலனோகிளாசஸ் வகையைச் சேர்ந்த ஒரு புழு வாழ்கிறது. அறிவியல் பெயர் டைகோடெரா ஃபிளேவா. தொட்டால் வழவழக்கும், எளிதில் அறுந்துபோகும், மருந்துக்கடை வாடை அடிக்கும். தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களுக்கு இது பழைய அறிமுகம். ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் மிதந்ததைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்திருப்பார்கள்.

எத்தனையோ கடற்புழுக்கள் இருக்க, இந்த ஒன்று மட்டும் எப்படிப் பாடத்துக்குள் வந்தது? பாடத்திட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஆசிரியர்கள் பேசி, வாதாடி, அடித்து, திருத்தி எழுதியதுதான் அது. நம் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. இப்போது 1985இல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கடலியலுக்கும் கடலோர ஆய்வுக்கும் அந்தப் பல்கலைக்கழகம் தொண்டியிலேயே ஒரு துறையை வைத்திருக்கிறது. இத்தகைய பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. பேராசிரியர்கள் அதைச் சுருக்கமாக ‘போர்டு’ என்பார்கள். துறைத் தலைவர், இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள், வெளிப் பல்கலைக்கழக வல்லுநர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால், தொழில்துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு.

அவர்கள் முன்னால் இருக்கும் தாளைப் பாருங்கள். மேலே பாடத்தின் பெயர், குறியீட்டு எண். பக்கத்தில் எல், டி, பி, சி என்று நான்கு சிறு கட்டங்கள்: விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட். அதற்குக் கீழே ஐந்து யூனிட்கள். அப்புறம் பாடநூல்கள். கடைசியில் 1, 2, 3 என்ற எண்கள் நிரம்பிய ஓர் அட்டவணை. இந்தப் பாடத்தால் மாணவர் பெறும் ஒவ்வொரு திறனும், அந்தப் பட்டப்படிப்பின் நோக்கங்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான மதிப்பு அது.

இந்தத் தாளுக்குள் ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு 4 மணி நேரம், 15 வாரம் என்றால் மொத்தம் 60 மணி. ஐந்து யூனிட்டுக்குப் பகிர்ந்தால், ஒன்றுக்கு 12 மணி நேரம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010இல் கோபியா என்னும் கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே எதிரே இருப்பவர், “சரி, எதை எடுப்பது?” என்பார். 60 மணி 61 ஆகாது. கடல் விரால் உள்ளே வர வேண்டுமென்றால், தலைமுறைகளாக நடத்திவந்த ஏதோ ஒன்று வெளியே போயாக வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் ஆசிரியரின் அறிவும் மனசாட்சியும் சோதிக்கப்படுகின்றன.

சொல் ஒவ்வொன்றுக்கும் அங்கே எடை உண்டு. வினாத்தாள் எடுப்பவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். வகுப்பில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். ‘கடல் வளங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் அவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ‘பவளப்பாறைகள்: வகைகள், வெளிறுதல்’ என்று எழுதினால் மாணவருக்குத் தெளிவு கிடைக்கிறது. அரைமணி நேரம் ஒரு சொல்லைப் பற்றி விவாதிப்பது வெட்டிப்பேச்சு அல்ல.

இப்போது நம் புழுவுக்கு வருவோம். அதன் தொண்டைப் பகுதியில் வரிசையாகச் செவுள் பிளவுகள் இருக்கின்றன. இவை மீனுக்கும் இருக்கின்றன, கருவாக இருக்கும்போது நமக்கும் அவற்றின் சாயல் தோன்றி மறைகிறது. இதைக் கண்ட வில்லியம் பேட்சன், 1880களில் இந்தப் புழுவை முதுகுநாணிகளோடு சேர்த்தார். முதுகுநாண் என்று அவர் கருதிய உறுப்பு உண்மையில் முதுகுநாண் அல்ல என்று பிற்காலத்தவர் மறுத்தார்கள். அதனால் ‘அரைநாணிகள்’ தனித்தொகுதி ஆயின. 2015இல் இதே டைகோடெரா ஃபிளேவாவின் மரபணுத் தொகுப்பு நேச்சர் இதழில் வெளியானது. தொண்டைச் செவுள்களோடு தொடர்புள்ள மரபணுக்களின் ஒரு கொத்து, இந்தப் புழுவிலும் முதுகெலும்புள்ள விலங்குகளிலும் ஒன்றாகவே சேர்ந்திருப்பது தெரியவந்தது.

ஆக, இதை எந்தத் தாளில் வைப்பது? முதுகெலும்பற்றவை தாளின் கடைசியிலா, முதுகுநாணிகள் தாளின் தொடக்கத்திலா, பரிணாமம் தாளிலா? மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. கடைசியில் வைத்தால் ஒரு கதையின் முடிவு. தொடக்கத்தில் வைத்தால் நம் கதையின் முதல் வரி. ஒரே புழுதான், ஆனால் மாணவர் மனத்தில் பதியும் பொருள் வேறு. இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த மேசைக்கு இருக்கிறது.

அங்கே எழுதியது உடனே நடைமுறைக்கு வந்துவிடாது. பல்கலைக்கழகத்தைப் பொறுத்து, கல்விப் பேரவையோ கல்வி விவகார நிலைக்குழுவோ அதை மறுபடி பார்க்கும். பெரிய கொள்கை மாற்றம் என்றால் ஆட்சிக்குழு வரைக்கும் போகும். 75 விழுக்காடு வருகைப்பதிவு, அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண் போன்ற விதிகளும் இத்தகைய பேரவைகளின் ஒப்புதலோடுதான் நடைமுறைக்கு வருகின்றன. ஒருவர் விருப்பம் எல்லோருக்கும் சட்டமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை படிகள்.

எதைக் கற்பிப்பது என்று விதி வகுப்பது பழைய வழக்கம். 1215இலேயே பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு எந்த நூல்களை நடத்தலாம், எவற்றை நடத்தக் கூடாது என்று விதி எழுதப்பட்டது. ஆனால் அதை எழுதியவர் போப்பின் தூதர். பாடத்திட்டத்துக்கு முதல் பொறுப்பு ஆசிரியர்களுடையதே என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து அறிக்கையாக வடித்தது 1966இல்தான். இங்கே 1978இல் சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, தங்கள் பாடத்தைத் தாங்களே எழுதும் உரிமை ஆசிரியர்கள் கைக்கு வந்தது.

அந்த உரிமையின் அருமையை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டம் தந்தது. அதில் 8 யூனிட்கள். கடைசி யூனிட் களப்பணி. உள்ளூரில் போய்ப் பார்த்து ஆவணப்படுத்த வேண்டியவை என்று ஆறு, காடு, புல்வெளி, குன்று, மலை ஆகியவற்றைச் சொன்னது. எளிய சூழல் அமைப்புகளுக்குக் குளம், ஆறு, மலைச்சரிவு ‘முதலியன’ என்றது. களப்பணிப் பட்டியலில் கடல் இல்லை! மலையே இல்லாத இராமநாதபுரத்து மாணவருக்கு, வாசலில் கிடக்கும் கடலைப் பார்க்கச் சொல்லாத பட்டியல்.

ஆனால் ‘முதலியன’ என்ற சொல் இருக்கிறதே, அதுதான் திறந்து வைத்த கதவு. உள்ளூரை அறிந்த ஆசிரியர் குழு அந்த ஒரு சொல்லுக்குள் பவளப்பாறையையும், பாக் விரிகுடாவின் கடற்புல் வெளியையும், 2022இல் அங்கே அறிவிக்கப்பட்ட ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகத்தையும் கொண்டுவரலாம். அறியாத குழு அதை அப்படியே விட்டுவிடும். பொதுப் பாடத்திட்டம் தேவைதான். அது தரத்தைக் காக்கும். மண்ணைக் காப்பது உள்ளூர் ஆசிரியரின் வேலை.

உள்ளூர் அறிவு கல்லூரிக்கு வெளியேயும் இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்று தாங்களே கூடிப் பேசி, கடலில் இறங்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. எந்தப் பருவத்தில் எந்தப் பாசி வளரும் என்று அவர்களுக்குத் தெரிந்தது பல பாடநூல்களில் இல்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ போர்டு கூடும்போது, வெளியார் நாற்காலிகளில் ஒன்றை மண்டபத்து ஆராய்ச்சியாளருக்கும் மற்றொன்றைப் பாசி எடுக்கும் பெண்ணுக்கும் கொடுங்கள். உறுப்பினராக்க விதி இடம் தராவிட்டால் சிறப்பு அழைப்பாளராகவாவது கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, தாளில் ‘முதலியன’ என்று இருக்கும் இடத்தில் கடல் என்று எழுதுங்கள்.