பனி கொட்டியும் தடம் ஏன் சிவப்பு?

பெரிய பனிப்புயல் ஓய்ஞ்சதும் ஒன்டாரியோ நேயர்கள் என்கிட்ட கேக்கறது இதுதான்: "இவ்வளவு பனி கொட்டியிருக்கே, ஸ்னோமொபைல் தடம் வரைபடத்துல ஏன் இன்னும் சிவப்பா இருக்கு?" சிவப்புன்னா மூடியிருக்கு, மஞ்சள்னா கவனமா, மெதுவாப் போகணும். முதல்ல சாய்ஞ்ச மரங்களை அகற்றணும். அப்புறம் குரூமர் இயந்திரம் பனியை அழுத்திச் சமன்படுத்தணும். அது ஒரு குளிர்ந்த ராத்திரி இறுகணும். அதுக்கு முன்னாடி ஓட்டினா குழி குழியாயிடும்.

நான் அதிகம் பயப்படறது ஏரியைத்தான். புதுப் பனி கம்பளி மாதிரி, அடியில இருக்கற ஐஸைக் கெட்டியாக விடாது. அதன் எடையில ஐஸ் அமுங்கி, விரிசல் வழியா தண்ணி மேலே வந்து பனியோட கலந்து கூழாத் தேங்கும். பார்வைக்கு வெள்ளை வெளேர்னு இருக்கும். வண்டி சிக்கினா இழுக்கறது பெரும்பாடு. தடம் பச்சையானாலும், ஏரியில கம்பம் நட்டுக் குறிச்ச பாதையை விட்டு விலகாதீங்க.