கிராஸ்ஃபேட்: நடுவுல ஏன் சத்தம் அமுங்குது?

ஆடியோ எடிட் பண்ற எல்லாரும் ஒரு நாள் வந்து முட்டி நிற்கிற கேள்வியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஒரு பாட்டு முடியும்போது அடுத்த பாட்டு மெல்ல உள்ளே வரணும். முதல் டிராக்கை 100 சதவீதத்திலிருந்து 0-க்கு இறக்குகிறோம். இரண்டாவதை 0-லிருந்து 100-க்கு ஏற்றுகிறோம். இதுதான் கிராஸ்ஃபேட். எந்த நொடியில் கூட்டினாலும் மொத்தம் 100 வருது, கணக்கு சரிதானே? ஆனா ஹெட்போன் மாட்டிக் கேட்டா, நடுவுல சத்தம் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுது.

காரணம் இதுதான். நாம் கூட்டியது கெயினை. ஆனால் ஒரு ஒலி எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது அதன் பவரைப் பொறுத்தது. பவர், கெயினின் வர்க்கத்தோடு மாறும். நடுப்புள்ளியில் ஒவ்வொரு டிராக்கும் 0.5. வர்க்கம் எடுத்தால் 0.25. இரண்டையும் கூட்டினால் 0.5. அதாவது பவர் பாதியாகிவிட்டது. டெசிபலில் சொன்னால் 3 டெசிபல் குறைவு. நீங்கள் கேட்ட பள்ளம் அதுதான்.

இதைச் சரிசெய்ய பத்தாவது கணக்குப் புத்தகம் போதும். சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கம் சமம் 1, ஞாபகம் இருக்கா? கிராஸ்ஃபேட் தொடங்கும்போது கோணம் 0 டிகிரி, முடியும்போது 90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற டிராக்கை காஸாலும், உள்ளே வருகிற டிராக்கை சைனாலும் பெருக்குங்கள். நடுவில், 45 டிகிரியில், இரண்டுக்கும் 0.707 கிடைக்கும். அதன் வர்க்கம் 0.5, இரண்டும் சேர்ந்து 1. கால்வாசி தூரத்தில் 0.924, 0.383. வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்க, அங்கேயும் 1 தான். இதற்குப் பெயர் கான்ஸ்டன்ட் பவர். முதலில் சொன்ன நேர்கோட்டு முறைக்குப் பெயர் கான்ஸ்டன்ட் கெயின். ஆடாசிட்டி, பிரீமியர் ப்ரோ இரண்டிலுமே இந்த இரண்டு பெயர்களையும் பார்க்கலாம்.

அப்போ எப்பவும் கான்ஸ்டன்ட் பவரே போட்டுடலாமா? கூடாது. இங்கேதான் நிறைய பேர் வழுக்குவாங்க.

ரிப்பேரான ஆட்டோவை இரண்டு பேர் தள்ளுவதை நினைச்சுப் பாருங்க. ஒரே நேரத்தில் உந்தினால் இருவர் பலமும் முழுசாகச் சேரும். ஆளுக்கொரு நேரத்தில் உந்தினால் அப்படிச் சேராது. ஒலி அலைகளும் அப்படித்தான். இரண்டு வெவ்வேறு பாட்டுகளுக்குள் எந்த ஒத்திசைவும் இல்லை. அங்கே பவர்தான் கூடும். ஆனால் ஒரே ரெக்கார்டிங்கின் இரண்டு பிரதிகளைக் கலந்தால், மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்துவிடும். அங்கே கெயினே நேரடியாகக் கூடும். 0.707 கூட்டல் 0.707 என்றால் 1.414. அதாவது 3 டெசிபல் அதிகம்! டிராக் ஏற்கெனவே உச்ச அளவை ஒட்டி இருந்தால் அந்த இடம் கிளிப் ஆகும். கிளிப் ஆன ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணிட்டா, வெட்டுப்பட்ட அலையை முழுசா மீட்க முடியாது.

அதனால் கர்வைத் தேர்வு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த இரண்டு டிராக்கும் ஒன்றுக்கொன்று சொந்தமா, அந்நியமா?

ஒரே குரல் பதிவின் பழைய பிரதியிலிருந்து, நாய்ஸ் குறைத்த பிரதிக்கு அதே நொடியில் மாறுகிறீர்களா? சொந்தம். கான்ஸ்டன்ட் கெயின் போடுங்க. ஒரு பாட்டிலிருந்து வேறொரு பாட்டுக்கோ, தீம் மியூசிக்கிலிருந்து தெருச் சத்தத்துக்கோ போகிறீர்களா? அந்நியம். கான்ஸ்டன்ட் பவர். கமாண்ட் லைனில் எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துகிறவர்கள் கவனிங்க: அதன் கிராஸ்ஃபேட் ஃபில்டர், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நேர்கோட்டையே எடுக்கும். சைன் கர்வை நீங்கதான் கேட்டு வாங்கணும்.

எந்தக் கர்வும் காப்பாற்றாத ஒரு நிலைமையும் உண்டு. ஒரே குரலை இரண்டு மைக்கில் பதிவு செய்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. ஒரு மைக் 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி சுமார் 1 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ் போன்ற இடங்களில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சு டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். முதலில் டைம்லைனில் இரண்டு அலைகளையும் நேராக வரிசைப்படுத்துங்க, அப்புறம் கிராஸ்ஃபேட் போடலாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கு எல்லாமே, இரண்டு டிராக்கும் தொடக்கத்திலேயே ஒரே அளவு சத்தத்தில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் முதலில் இரண்டின் லவுட்னஸையும் சமமாக்குங்க. பிறகு ஏற்ற இறக்கம் கேட்டால், தைரியமாகக் கர்வைச் சந்தேகப்படலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.