தமிழ் பேசாத வீட்டில் பொங்கல்

ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் இரண்டரை மணி நேரம். விடியலில் கிளம்பினால் அங்கே போய்ப் பசியாறலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், செண்டோல் குடிக்கவும் ஜொங்கர் சாலையில் படம் எடுக்கவும்தான் இதுவரை போய் வந்திருக்கிறோம். கடந்த பள்ளி விடுமுறையில்தான் எட்டு வயது மகனுடன் நிதானமாகச் சுற்றினோம்.

கடலோரப் பட்டணம் என்று சொல்லி அழைத்துப் போனேன். இறங்கியதும், "மானா லாவுட், மா?" என்றான். கடல் எங்கே என்கிறான். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் ஹீரன் சாலை வீடுகளின் பின்புறம் வரை அலை வந்தது. கடலை மண் கொட்டி மேடாக்கியதில் கரை தள்ளிப் போய்விட்டது.

அவன் தேசியப் பள்ளியில் படிக்கிறான். நானோ தமிழ் வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள். இதைக் குத்திக்காட்டாத உறவினர் இல்லை.

சிவப்புக் கட்டடம், 1511இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கிய கோட்டையில் மிச்சமிருக்கும் வாசல் எல்லாம் நீங்கள் பார்த்தவைதான். துக்காங் எமாஸ் சாலைக்குள் நுழையுங்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், இந்திய முஸ்லிம் வணிகர்களின் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சீனர் கோயில் மூன்றும் நாலெட்டு தூரத்தில். விநாயகர் ஆலயத்துக்கு டச்சுக்காரர் காலத்தில் நிலம் கிடைத்தது மலாக்கா செட்டிகளின் தலைவர் தவிநாயகர் செட்டி மூலம்.

யார் இந்தச் செட்டிகள்? வட்டித் தொழில் செய்த நகரத்தார் அல்லர். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களின் வழிவந்தவர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்நாளைய இந்து வணிகர் நைனா சத்துவைப் போர்த்துகீசியர் பெண்டஹாரா ஆக்கினார்கள். 1514இல் அந்தப் பதவியைப் பறித்தபோது, அவமானம் தாங்காமல் தீயில் இறங்கி மாண்டார். நம் பாடநூலில் இவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

காஜா பெராங்கில் இருக்கிறது கம்போங் செட்டி. 1822ஐச் சேர்ந்த முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் சாரோங் கெபாயா உடுத்திய பாட்டி. நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை. "வணக்கம் பாட்டி" என்றேன். கைகூப்பிவிட்டு, "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டிக்கும் தெரியாதாம்.

அடுத்த ஒரு மணி நேரம் என் மகன்தான் பேசினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போகியன்று மூதாதையருக்கு வாழையிலையில் படைப்பார்களாம். அதன் பெயர் பார்ச்சு. ஆண்டு நடுவில் பழங்களின் பருவத்தில் இன்னொரு பார்ச்சு. அம்மை நோயை ஆற்றும் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். முன்னோருக்கு என்ன பிடிக்கும், எதை முதலில் இலையில் வைக்க வேண்டும் என்று பாட்டி விரல் விட்டுச் சொன்னார். என் வீட்டுப் படையலில் எது முதலில் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் கேட்பேன்.

மொழி போனால் எல்லாம் போச்சு என்று ஒலிபரப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் மொழி வேண்டும் என்றுதான் சொல்வேன். என் மகனுக்கு வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது நிற்காது. 'எல்லாம் போச்சு' என்ற பாதியை மட்டும் இனிச் சொல்ல வாய் வராது.

கிளம்பும்போது பாட்டி ஏதோ சொன்னார். அதில் 'பொங்கல்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "பொங்கலுக்கு வரச் சொல்றாங்கம்மா" என்று மகன் தமிழில் மொழிபெயர்த்தான்.

நிலையத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.