பழைய கேமரா... பறக்குது மேகம்!

ஒரு மணி நேரமா ஆடி அசைஞ்சு நகர்ற மேகம், 12 செகண்டுல குதிரை மாதிரி பாயுது. மொட்டு ஒண்ணு கண்ணு முன்னாலயே பூவா விரியுது. ‘டைம்லாப்ஸ்’ங்கற இந்த வித்தையைப் பார்த்ததும் உங்களுக்கும் கை பரபரக்குதா? ‘ஆசை இருக்கு பாஸ்... பாக்கெட் மணிதான் இல்லை’ங்கறீங்களா? டோன்ட் வொர்ரி! மத்தவங்க ‘பழசாயிடுச்சு’னு கழிச்சுக் கட்டற கேமராவே இதுக்குப் போதும்.

1910-ல் இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித், பூக்கள் மலர்வதை ‘தி பர்த் ஆஃப் எ ஃப்ளவர்’ என்ற குறும்படமாக எடுத்து அசத்தினார். குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் கைக்குக் கிடைத்த சாமான்களை வைத்துத் தானே கருவிகளைச் செய்துகொண்டார். ஸோ, விலை பெரிய விஷயம் இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

எது வேணும்... எது வேணாம்?

ஃபுல் ஹெச்.டி வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்குத் தேவை வெறும் 2 மெகாபிக்ஸல். 4கே-வுக்கே 8 சொச்சம்தான். அதனால் 12 மெகாபிக்ஸல் கேமரா தாராளம். வேகமான ஆட்டோஃபோகஸ், படபடவென சுடும் பர்ஸ்ட் மோட், வீடியோ வசதி எல்லாம் இங்கே வெட்டி. அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க.

வேண்டியது மூணே மூணு. ஒண்ணு, முழு மேனுவல் மோட். ரெண்டு, கையால் ஃபோகஸ் பண்ணும் வசதி. மூணாவது, நாம பக்கத்துல இல்லாமலேயே குறிப்பிட்ட இடைவெளியில் தானா கிளிக் பண்ணிக்கற திறமை. இதுக்குப் பேர் இன்டர்வெல் டைமர்.

‘மொபைல்லயே டைம்லாப்ஸ் இருக்கே?’னு கேட்கறீங்களா? பழக அது ஓகே. ஆனா, ரெண்டு மணி நேரம் மொட்டை மாடியில போனை விட்டுட்டு நீங்க என்ன செய்வீங்க? தவிர, போன் பெரும்பாலும் நேரடியா வீடியோவாவே கொடுத்துடும். தனித்தனிப் படங்களா இருந்தா, பின்னாடி ஒவ்வொண்ணையும் சரி பண்ணலாம்.

மூணு ரூட்டு இருக்கு!

நிக்கான் ரூட்: டி5000, டி5100, டி7000 மாடல்களில் இன்டர்வெல் டைமர் மெனுவிலேயே இருக்கு. டி3100, டி90-ல் கிடையாது. அதே கம்பெனி, அதே கலர்னு ஏமாந்துடாதீங்க. கடையிலேயே மெனுவைத் திறந்து பார்த்துடுங்க.

கேனான் ரூட்: 550டி, 600டி-யில் இந்த வசதி இல்லை. ஆனா, விலை குறைந்த டைமர் ரிமோட்டை பக்கவாட்டில் சொருகினா வேலை முடிஞ்சுது. ‘மேஜிக் லான்டர்ன்’ என்ற இலவச சாஃப்ட்வேரை மெமரி கார்டில் போட்டும் ஓட்டலாம்.

பரம ஏழை ரூட்: கேனான் பவர்ஷாட் ஏ570, ஏ590 மாதிரி குட்டி கேமராக்கள். ‘சிஹெச்டிகே’ என்ற இலவச சாஃப்ட்வேரை கார்டில் ஏற்றினால், இதுவும் தானா கிளிக் பண்ணும். கார்டை மாத்தினா கேமரா பழையபடி. ரெண்டு பென்டார்ச் செல்லில் ஓடும் என்பதால், ‘பேட்டரி கிடைக்கலை’ என்ற புலம்பலும் இல்லை. ஒரே மாடலிலும் ஃபர்ம்வேர் வெர்ஷன் மாறும். அதற்கேற்ற சாஃப்ட்வேரைத்தான் போடணும்.

கிளிக் கணக்கு பாருங்க

பழைய பைக் வாங்கும்போது ‘எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கு?’னு கேட்போமே... அதேதான். டி.எஸ்.எல்.ஆர் கேமராவுக்கு ஷட்டர் கவுன்ட். டைம்லாப்ஸ்காரங்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஏன்னா, நாம ஒரு சிட்டிங்லயே நூத்துக்கணக்கில் சுடற ஆளுங்க.

12 செகண்டுக்கு ஒரு படம். ஒரு மணி நேரத்தில் 300 படம். செகண்டுக்கு 25 ஃப்ரேம் வீதம் ஓட்டினா, கையில் கிடைப்பது 12 செகண்ட் வீடியோ.

டி5100 ஷட்டரை ஒரு லட்சம் கிளிக்குக்கு சோதிச்சிருக்கறதா நிக்கான் சொல்லுது. ஏற்கெனவே 40,000 ஓடியிருந்தா மிச்சம் 60,000. அதாவது 200 வீடியோ. வாரம் ஒண்ணு எடுத்தாலும் கிட்டத்தட்ட 4 வருஷம் தாங்கும், காலேஜே முடிஞ்சுடும்! அதுவே 90,000 ஓடியிருந்தா? 33 வீடியோதான் கணக்கு. லட்சத்தைத் தாண்டியும் சில கேமராக்கள் ஓடும், சிலது முன்னாடியே மண்டையைப் போடும். ஆனா, விலை பேசும்போது இந்தக் கணக்குதான் உங்க ஆயுதம்.

நிக்கானில் எடுத்த ஒரு ஜேபெக் படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். பல கேனான் மாடல்களில் படத்தில் இந்த எண் இருக்காது. தனி சாஃப்ட்வேர் தேவைப்படும்.

காசு கொடுக்கும் முன்...

* வானத்தை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்க. கறுப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சாரில் தூசு. சாதாரண போட்டோவில் கண்ணுக்குத் தெரியாது. டைம்லாப்ஸில் மேகம் ஓட, புள்ளி மட்டும் அசையாம நின்னு மானத்தை வாங்கும். சுத்தம் செய்யலாம், அந்தச் செலவை விலையில் கழிங்க.

* லென்ஸுக்குள் டார்ச் அடிங்க. சிலந்திவலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ். கடலோர ஊர் கேமராக்களில் சகஜம். அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

* 5 செகண்ட் இடைவெளியில் 50 படம் எடுக்க விடுங்க. நாலே நிமிஷம்தான். நடுவில் நின்னாலோ, பேட்டரி சரசரன்னு இறங்கினாலோ உஷார். புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

* பில் இருக்கா? அதிலுள்ள சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் இருப்பதும் ஒண்ணா? இல்லைன்னா கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க. திருட்டுப் பொருளா இருந்தா காசும் போகும், நிம்மதியும் போகும்.

வாங்கியாச்சா?

கையில் மிச்சமிருக்கும் காசை உறுதியான டிரைபாடில் போடுங்க. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் மேனுவலில் பூட்டிடுங்க. ஆட்டோவில் விட்டா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து, வீடியோ ட்யூப்லைட் மாதிரி மினுக்கும். ஸ்டெபிலைசேஷனையும் ஆஃப் பண்ணிடுங்க.

முதல் ஷூட்டுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் தேவையில்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியே போதும். கேமராவை வெச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து செமஸ்டருக்குப் படிங்க மக்களே... ஒரு மணி நேரம் அதைத் தொடக் கூடாது, ஆமா!