பொது யந்திரமும் பிரஜையின் அந்தரங்கமும்

விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்துச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சர்க்காருக்குத் தெரிந்திருந்த சங்கதிகளெல்லாம் ஒரு காலத்தில் கர்ணத்தின் கணக்குப் புத்தகத்தில் அடங்கியிருந்தன. அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர் யார் என்பதையும் ஊர் அறிந்திருந்தது. இன்று அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஓர் இ-சேவை மையத்தில் நின்று, ஒரு விவசாயப் பெண் தன் ஆதார் எண்ணைச் சொல்லி, கட்டைவிரலைச் சிறு கண்ணாடியின்மேல் வைத்து, களை பறித்துத் தேய்ந்த ரேகை பதியாமற் போகவே முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடியும் அழுத்தும்போது, அவள் கொடுத்த விவரம் எங்கே போகிறது, எந்த யந்திரத்தில் தங்குகிறது, அதே யந்திரத்தில் வேறு யாருடைய காரியங்கள் நடக்கின்றன, அதன் முழு அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை அங்கே உட்கார்ந்திருக்கும் பணியாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாதது அவருடைய குற்றமன்று. ஆனால் இவற்றைக் கேட்க அவளுக்குப் பாத்தியதை உண்டு என்பதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தப் பகுதியாருக்கு விஷயம் இன்னும் நெருங்கி வருகிறது. 2023 மார்ச்சில், பிரதம மந்திரி மித்ரா என்ற பெயரில் தேசமெங்கும் ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்கள் அமையும் என்று மத்திய சர்க்கார் அறிவித்தபோது, தமிழ்நாட்டின் பங்காக விருதுநகர் மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் நிலம் அதற்கென்று குறிக்கப்பட்டது. மழை பொய்த்தால் வெளியூருக்குப் பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வேலைக்குச் சேரும் நாளில், அவர்களுடைய வருகைப் பதிவும் கைரேகையும், வங்கிக் கணக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களும், மருத்துவச் சீட்டின் விவரமும் ஏதோ ஒரு நிறுவனத்தின் வாடகை யந்திரத்தில், பல ஆலைகளின் விவரங்களோடு அடுத்தடுத்து இருக்கக்கூடும்.

ஒரு காரியாலயத்துக்கு ஒரு யந்திரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. கூகுள் நிறுவனம் 2014-ல் உலகுக்குத் திறந்துவிட்ட குபர்நெட்டீஸ் என்னும் மென்பொருளும் அதன் வழிவந்த ஏற்பாடுகளும், பத்தோ நூறோ யந்திரங்களை ஒன்றாகக் கோத்து ஒரு கிளஸ்டராக்கி, ஒவ்வொரு பயன்பாட்டையும் கண்டெய்னர் என்ற சிறு பொதியாகக் கட்டி, இடமிருக்கும் யந்திரத்தில் தாமே ஏற்றி, ஒன்று விழுந்தால் மற்றொன்றை எழுப்பிச் சேவை நிற்காமல் பார்த்துக்கொள்கின்றன. கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ்களை இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கப் பயன்பட்ட டிவோக் என்ற திறந்த மென்பொருள் இந்த ஏற்பாட்டில் இயங்குமாறே அமைந்தது. நகராட்சிச் சேவைகளுக்கான டிஜிட் தளமும் அப்படியே. சிக்கனமும் வேகமும் உள்ள ஏற்பாடு இது. இதை வேண்டாமென்று சொல்வது பேதைமை. ஆனால் பலருக்கும் பொதுவான ஒன்றில் பங்கும் முறையும் சரியாக வகுக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கண்மாய்ப் பாசனத்தில் வாழ்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை: வயலுக்கு வயல் வரப்பு இருப்பதனால் மட்டும் தண்ணீர் நியாயமாகப் பிரிந்துவிடுவதில்லை, மடையை எவர் திறப்பது, எவர் அடைப்பது என்ற அதிகாரம் வரையறுக்கப்பட்டால்தான் வரப்புக்கே பொருள் உண்டு.

கிளஸ்டருக்குள் அந்த வரப்பின் ஸ்தானத்தில் இருப்பது நேம்ஸ்பேஸ். ரேஷன் பயன்பாட்டுக்கு ஒன்று, நிலப் பதிவுக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று என்று பெயரிட்டுப் பிரித்து வைப்பார்கள். பிரித்தாகிவிட்டது என்று மேலதிகாரியும் திருப்தி அடைந்துவிடுவார். உண்மையில் அந்தப் பெயரால் மட்டும் தடுக்கப்படுவது மிகக் குறைவு. வேறு உத்தரவு எழுதப்படாத வரையில், ஒரு நேம்ஸ்பேஸில் ஓடும் பயன்பாடு மற்றொரு நேம்ஸ்பேஸில் ஓடும் பயன்பாட்டின் கதவைத் தட்ட எந்தத் தடையும் இல்லை. நெட்வொர்க் பாலிசி என்ற விதியை எழுதி, அதை அமல்படுத்தவல்ல வலைப்பின்னல் மென்பொருளையும் நிறுவினால்தான் அந்த வழி அடைபடும். பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் சீக்ரெட் என்ற பகுதியின் பெயரைக் கேட்டு அது பூட்டிய பெட்டி என்று எண்ணுவோர் பலர். இயல்பான நிலையில் அது வெறும் எழுத்து மாற்றம்தான், சங்கேதமாக்கல் அன்று. கிளஸ்டரின் அடித்தளச் சேமிப்பை எட்டிப் பார்க்க முடிந்தவர் அதை ஒரு நொடியில் படித்துவிடுவார். இன்னும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. அனுபவசாலிகளும் இதில் தவறுகிறார்கள். ஒருவருக்குச் சீக்ரெட்டைப் படிக்கும் அதிகாரத்தை மறுத்துவிட்டு, அதே நேம்ஸ்பேஸில் பயன்பாட்டை நிறுவும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், அவர் அந்தச் சீக்ரெட்டை உள்ளே இணைத்துக்கொள்ளும் ஒரு சிறு பயன்பாட்டை நிறுவி, அதன் வாயிலாக அதைப் படித்துக்கொள்ளலாம். ஆகவே நிறுவும் அதிகாரம் என்பது அந்த நேம்ஸ்பேஸின் ரகசியங்கள் அனைத்தையும் காணும் அதிகாரமே.

இந்தக் காரணத்தினால், பல நேம்ஸ்பேஸ்களிலும் பயன்பாடுகளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி எதுவோ, அதுவே முழு ஏற்பாட்டின் உயிர்நிலை. ஹெல்ம் என்ற பிரசித்தமான நிறுவுகருவியின் இரண்டாம் பதிப்பில் டில்லர் என்றொரு துணை மென்பொருள் கிளஸ்டருக்குள்ளேயே குடியிருந்தது. எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் வேலை செய்ய வேண்டுமென்பதற்காகப் பலரும் அதற்குக் கிளஸ்டர் அட்மின் என்ற சர்வாதிகாரத்தைக் கொடுத்து வைத்தார்கள். உள்ளே நுழைந்த எவரும் டில்லரிடம் பேச முடிந்தால் டில்லரின் அதிகாரம் முழுவதும் அவருடையதாகிவிடும். 2019 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் டில்லரையே நீக்கிவிட்டு, நிறுவுபவர் எவரோ அவருக்குள்ள அதிகாரம் மட்டுமே கருவிக்கும் உண்டு என்று மாற்றியமைத்தார்கள். நல்ல திருத்தம்; எனினும் பழைய வழக்கம் வேறு உருவில் உயிரோடிருக்கிறது. மாலையில் ஒரு பொறியாளர் புதிய பதிப்பை ஏற்ற முனைகிறார். திரையில் 'ஃபர்பிடன்' என்று சிவந்த எழுத்தில் மறுப்பு வருகிறது. எந்தச் சிறு அனுமதி குறைகிறது என்று தேடிப் பார்க்க ஒரு மணி நேரமாகும், வாடிக்கையாளரோ தொலைபேசியில் காத்திருக்கிறார். கிளஸ்டர் அட்மின் அதிகாரத்தை அந்தக் கருவியின் கணக்குக்குக் கட்டிவிட்டால் ஒரே வரியில் காரியம் முடிந்துவிடும். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே அந்த வரியை எழுதுகிறார். வேலை நடக்கிறது; ஆகவே யாரும் அதை எடுப்பதில்லை. அந்த இளைஞரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. சரியாகச் செய்வதற்கு அவகாசம் தராத நிர்வாகத்தையே கேட்க வேண்டும்.

நடந்த சம்பவங்கள் இதையே உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்டு இல்லாமலே இணையத்தில் திறந்து கிடந்ததையும், அன்னியர் அதன்வழி நுழைந்து அவர்களுடைய யந்திரங்களில் கிரிப்டோ நாணயம் திரட்டியதையும், அங்கேயே கிளவுட் கணக்கின் சாவிகள் கிடந்ததையும் 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. நம் மாநிலத்தில், 2024 மே மாதத்தில், காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் அன்னியர் நுழைந்த செய்தி வெளியானபோது, ஒரு நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு களவுபோனதே காரணம் என்றும், அக்கணக்கின் அதிகாரம் பயனாளர் கணக்குகளை உண்டாக்குவது போன்ற குறுகிய எல்லைக்கு உட்பட்டதே என்றும் காவல்துறை விளக்கம் தந்தது. அந்தத் தளம் கிளஸ்டரில் ஓடியதா என்பது இங்கே பிரச்சினையன்று. ஒரு கணக்கின் எல்லை எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்குத்தான் களவின் கையும் நீளும் என்பதே கவனிக்கத்தக்கது. இலங்கையில் 2023 ஆகஸ்டில் பல அரசாங்க அலுவலகங்கள் பகிர்ந்துகொண்ட லங்கா கவர்மென்ட் கிளவுடைப் பணயமென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க வழியின்றி அழிந்தன. பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்தது ஒருபுறமிருக்க, நகலும் அதே கூரையின் கீழ் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று.

பரிகாரம் தெரியாத நோய் அன்று இது. கிளஸ்டர் முழுவதற்கும் ஓர் அதிகாரம் என்பதை ஒழித்து, ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனிக் கணக்கும், அக்கணக்குக்குத் தேவையான செயல்களுக்கு மட்டும் அனுமதியும் எழுத வேண்டும். முதலில் எல்லாப் போக்குவரத்தையும் தடுத்துவிட்டுப் பின்னர் வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும். யந்திரத்தின் அடித்தளத்தையே தொடக்கூடிய விசேஷ அதிகாரத்தோடு கண்டெய்னர்களை ஏற்றுவதை மறுக்க வேண்டும். சீக்ரெட்டுகளை நிஜமாகவே சங்கேதமாக்கி, நகலை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். ஆர்கோ சிடி போன்ற நிறுவுகருவிகளில், இன்ன குழு இன்ன நேம்ஸ்பேஸில்தான் ஏற்றலாம் என்று வரையறுக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. கண்டெய்னர்கள் அடியில் கெர்னல் என்னும் ஒரே இயங்குதளக் கருவைப் பகிர்ந்துகொள்வதால், 2019-ல் ரன்சி என்ற அடிப்படைக் கருவியில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையைப் போன்ற ஒன்று தோன்றினால் நேம்ஸ்பேஸ் எதையும் காக்காது. ஆகையால், ஒருவரையொருவர் நம்பக் காரணமில்லாத இரண்டு ஸ்தாபனங்களின் விவரங்களையும், கைரேகை, நோய் விவரம் போன்றவற்றையும் தனிக் கிளஸ்டரிலேயே வைக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்றிக்கொள்ள முடியாது.

இனி, பிரஜையின் உரிமை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் இயற்றப்பட்ட 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களை வைத்திருப்போர் தகுந்த பாதுகாப்பைச் செய்தே தீர வேண்டும் என்கிறது. விவரங்கள் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் வசதியும் அதில் உண்டு. 2025 நவம்பரில் வெளிவந்த விதிகளோ, சங்கேதமாக்கல், அணுகும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தல், யார் எப்போது அணுகினார் என்ற பதிவை ஓராண்டாவது வைத்திருத்தல் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. மேலே சொன்ன கிளஸ்டர் அட்மின் வழக்கம் இனி சோம்பல் மட்டுமன்று, சட்டமீறலும் ஆகலாம். பாதுகாப்பில் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

இதிலும் இரண்டு குறைகள் எனக்குப் படுகின்றன. முக்கியமான கடமைகள் விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதம் கழித்தே அமலுக்கு வருகின்றன. அபராதப் பணமும் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறதே ஒழிய, விவரத்தை இழந்தவருக்கு ஒரு காசும் அதிலிருந்து வராது. அந்தக் கடமைகள் அமலாகும் வரை, நிறுவனங்களின் அசட்டையால் நஷ்டமடைந்தவர்கள் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி நஷ்டஈடு கோரலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே. யந்திரங்களை நடத்துவோர் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவும் நடைமுறையில் உள்ளது.

வாசகர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கசிந்த விவரம் மோசடிக்குப் பயன்பட்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதை அறிந்தவுடன், நாழிகை கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும். ஆலையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள், கைரேகை எடுக்கும் ஒப்புதல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, அந்த விவரம் எந்த நிறுவனத்திடம் போகிறது, வேலையை விட்டால் எப்போது அழிக்கப்படும் என்பதைப் படித்த பின்னரே கையெழுத்திடட்டும். சர்க்கார் இலாகாக்களிடம், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் தமிழிலேயே மனுச் செய்யலாம். யந்திரத்தின் உள்ளமைப்பைக் கேட்டால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பார்கள். ஆகவே, பாதுகாப்புத் தணிக்கை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது, செர்ட்-இன் அங்கீகரித்த எந்தத் தணிக்கையாளர் செய்தார், சொல்லப்பட்ட குறைகள் தீர்க்கப்பட்டனவா என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.