ஒரு மார்க், இரண்டு உடைமையாளர்

நிலத்தையும் வீட்டையும் போலவே, கடைச் சரக்கின் உறைமீது அச்சிட்டிருக்கும் வணிகச் சின்னமும் விலைக்கு விற்கத்தக்க ஒரு சொத்தே என்பதும், அந்தச் சொத்தை முழுவதுமாகவே விற்றாகவேண்டும் என்ற நிர்ப்பந்தமின்றி, அதில் ஒரு பாகத்தை மாத்திரம் பிரித்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதும் நம்மில் பலர் அறியாத விஷயங்கள்.

சலவைச் சோப்புக்கும் காபித்தூளுக்கும் சேர்த்து 'மயில் மார்க்' என்று பதிவு செய்துகொண்ட ஒரு வியாபாரி, சோப்புத் தொழிலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, காபித் தொழிலை மாத்திரம் அதன் நற்பெயரோடு வேறொருவருக்கு விற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவு அலுவலகத்தின் சரக்கு அட்டவணையில் சோப்பு 3-ஆம் வகுப்பிலும் காபி 30-ஆம் வகுப்பிலும் இருப்பவை. இப்படிச் சில சரக்குகளுக்கு மட்டும் சின்னத்தைக் கைமாற்றுவதை 1999-ஆம் ஆண்டின் இந்திய வணிகச் சின்னச் சட்டம் தன் 38-ஆவது பிரிவில் தெளிவாக அனுமதிக்கிறது.

ஆயினும், பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. வாங்கியவர் வணிகச் சின்னப் பதிவாளருக்கு விண்ணப்பித்துத் தம் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போடாமல் அவர் காலங்கடத்தினால், இந்த விற்பனையை அறியாமல் அதே சின்னத்தில் உரிமை பெற்ற மூன்றாமவர் ஒருவருக்கு எதிராக அவருடைய பத்திரம் செல்லாது. தொழிலின் நற்பெயரை விட்டுச் சின்னத்தை மட்டும் வாங்கியவரோ, ஆறு மாதங்களுக்குள் பதிவாளரை அணுகி, அவர் பணிக்கும் வண்ணம் விளம்பரமும் செய்தாக வேண்டும்.

பெயர் ஏறியபின், பழைய பதிவு எண்ணின் கீழேயே இருவரும் தனித்தனி உடைமையாளர்களாக நிற்பார்கள். அவர்களுடைய பாகங்கள் இரண்டும் சட்டத்தின் சகல காரியங்களுக்கும் தனித்தனிப் பதிவுகளாகவே கருதப்படும். ஆகவே, பத்தாண்டுக்கு ஒரு முறை செய்யவேண்டிய புதுப்பித்தலைக் காபிக்காரர் மறந்தாலும், சோப்புக்காரரின் உரிமைக்கு அதனால் பங்கம் நேராது. அமெரிக்காவிலோ, உரிமை மாற்றத்தைப் பதிந்துவிட்டுப் பிரிவினைக்குத் தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், பிரிந்த பாகத்துக்குப் புதிய எண்ணே கிடைக்கும். 2013-இல் இந்தியாவும் சேர்ந்த மாட்ரிட் சர்வதேசப் பதிவு முறையில், பிரிந்த பாகம் பழைய எண்ணோடு ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சேர்த்துத் தாங்கி நிற்கும். முறைகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: எந்தச் சரக்குக்கு யார் பொறுப்பாளி என்பதைப் பதிவேட்டைப் புரட்டுகிற எவரும் ஐயமற அறிந்துகொள்ள வேண்டும்.

சின்னத்தைப் பிரித்து விற்கும் இந்தச் சுதந்திரத்துக்கு நம் சட்டத்தின் 40-ஆவது பிரிவு ஓர் எல்லை வகுத்திருக்கிறது; என் மனத்துக்கு மிக உகந்த பிரிவும் அதுவே. நமது வியாபாரி தேயிலைத்தூளுக்கும் அதே மார்க்கைப் பதிந்திருந்து, காபித்தூளை விற்றுவிட்டுத் தேயிலைத்தூளை வைத்துக்கொள்ள விரும்பினால், ஒரே மளிகைக் கடையில், ஒரே தட்டில், ஒரே மயில் படத்தோடு இரண்டு முதலாளிகளின் பொட்டலங்கள் அருகருகே இருக்கும். வாங்குகிறவர் ஒருவரது சரக்கை மற்றவரது என்று நம்பி ஏமாறக்கூடும். ஒரே தன்மையுள்ள சரக்குகளிலோ ஒன்றோடொன்று தொடர்புள்ள சரக்குகளிலோ இத்தகைய மயக்கம் விளையுமானால், அந்தக் கைமாற்றம் செல்லாது. சந்தேகமுள்ளவர், விற்கும் முன்பே முழு விவரத்தையும் பதிவாளரிடம் சமர்ப்பித்து, தடையில்லை என்ற சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.

சின்னத்தின் மதிப்பு, அதைப் பதிந்த முதலாளியின் உழைப்பால் மட்டும் வந்ததன்று. பல்லாண்டுகள் அதை நம்பிக் காசு கொடுத்த ஜனங்களாலும் வந்தது. ஆதலால், பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவர்கள், எந்தெந்தச் சரக்கு யாருக்கு என்பதைச் சொல் சொல்லாக வரையறுப்பதோடு, கடைக்கு வரும் ஒரு சாமானிய மனிதர் அந்தப் பிரிவினையால் ஏமாறுவாரா என்ற கேள்வியையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்வது தர்மம் மட்டுமன்று, அவர்களுடைய சொத்துக்குப் பாதுகாப்பும் ஆகும்.