தருமபுரிப் பாட்டுக்கு எத்தனை குரல்?

மார்கழி மாதத்துச் சபாக் கச்சேரி முடியப்போகிற நேரம். தனி ஆவர்த்தனத்தின்போது காண்டீனுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பெரிய உருப்படிகள் ஓய்ந்த நிலையில், பாடகர் குரலைத் தணித்துக்கொண்டு ஒரு சின்னத் தெலுங்குப் பாட்டை எடுக்கிறார். நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். காதலனிடம் ஒருத்தி கோபித்துக்கொள்கிறாள், கெஞ்சுகிறாள், அல்லது அவனைப் பற்றித் தோழியிடம் அலுத்துக்கொள்கிறாள். ரசிகர்கள் புன்னகையோடு தலையாட்டுகிறார்கள். பாட்டை எழுதியவர் பெயர் தர்மபுரி சுப்பராயர்.

ஒகேனக்கல் அருவி, மாம்பழம், அவ்வைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் என்று தருமபுரிக்குப் பெயர் சொல்ல நிறைய உண்டு. அந்த ஊரின் பெயர் சங்கீத மேடையில் நூறு ஆண்டுக்கு மேலாக ஒலித்து வருவதை மாவட்டத்திலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாட்டு தெலுங்கில் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படுகிற எல்லைப் பகுதி இது. அங்கே ஒரு தெலுங்குப் பாட்டுக்காரர் இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அவர் எழுதியவை ஜாவளிகள். பதம் என்பது நிதானமாக நகரும் கனமான காதல் பாட்டு. ஜாவளி அதன் துடுக்கான தங்கை. சொல் எளிது, நடை இலகு, விஷயம் வெளிப்படை. 'முட்டவத்துரா' என்று சாவேரியில் ஒருத்தி 'என்னைத் தொடாதே' என்கிறாள். 'வானி பொந்து' என்று கானடாவில் இன்னொருத்தி 'அவன் சகவாசம் போதும் போதும்' என்கிறாள். 'ஸ்மரசுந்தராங்குனி' என்று பரஸில் பாடுகிறவளோ, மன்மதனைப் போன்ற அவனுக்கு ஈடு யார் என்று பூரிக்கிறாள். யமுனா கல்யாணியில் 'அதி நீபை', செஞ்சுருட்டியில் 'சகி ப்ராண', காபியில் 'பருலன்ன மாட' என்று பட்டியல் நீளும்.

சுப்பராயரின் குரலை இன்று நம்மால் கேட்க முடியாது. அவர் பாட்டை எப்படிப் பாடியிருப்பார் என்பதற்குச் சாட்சி மற்றவர்களின் தொண்டைதான். அதிலும் முக்கியமான சாட்சி, சென்னை ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938). வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்க வித்வான்கள் கூடுவார்கள். இருமக்கூட யோசிப்பார்களாம். சுப்பராயருக்கும் தனம்மாளுக்கும் இருந்த நெருங்கிய நட்பைப் பற்றிச் சங்கீத உலகில் கதைகள் பல. சில ஜாவளிகளின் நாயகியே தனம்மாள்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. கதை எப்படியோ, அந்தப் பாட்டுகள் காப்பாற்றப்பட்டது அந்த வீட்டில்தான் என்பதில் சந்தேகமில்லை.

அந்தப் பாட்டுகளின் பதிவுகளை இன்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமானால், முதலில் இசைத்தட்டு என்ற சாமானைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அது தென்னாட்டுக்கும் வந்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அந்தப் பழைய சேலத்திலிருந்து கிராமபோனுக்குப் பாடிப் புகழ் பெற்றவர் சேலம் கோதாவரி. அன்றைக்கு மைக் கிடையாது. பெரிய தகரக் குழலின் வாய்க்கு நேராக நின்று, ஓங்கிய குரலில் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். பாட்டு முடிந்ததும் பாடகியே தன் பெயரை உரக்கச் சொல்லிவிடுவதும் உண்டு. அது பெருமைக்காக அல்ல. தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கிருந்தவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே!

ஆகவே பழைய தட்டில் ஒருவர் வேகமாகவும் சத்தமாகவும் பாடினால், கச்சேரியிலும் அப்படித்தான் பாடியிருப்பார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முடுக்கியது கடிகாரம், கத்த வைத்தது குழல். இழுத்துப் பாட வேண்டிய பதம் இந்த மூன்று நிமிஷத்தில் மூச்சு முட்டும். ஜாவளியோ அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும்.

அந்தக் கரகர ஒலியையும் மீறி அந்தக் குரல்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளைப் பாரிஸில் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், அவர் பாடிய அருட்பாப் பதிவு ஒன்றைக் கொண்டே 'ராகமாலிகா' என்ற, குரலுக்கும் பியானோவுக்குமான படைப்பை அமைத்தார்.

1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. மைக் வந்ததும் மெல்லிய ஒலிகளுக்கும் தட்டில் இடம் கிடைத்தது. வீணைக்கு இது பெரிய வரம். தனம்மாளின் சில வாசிப்புகள் 1930களில் கொலம்பியா தட்டுகளாக வந்தன. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, பார்வையும் போயிருந்தது. அந்தத் தட்டுகளை முதன்முறை கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஒலி சிறியது, ஜோடனை எதுவும் இல்லை. இரண்டாம் முறை கேட்கும்போதுதான், ஒரு தடவை மீட்டிய தந்தியை விரலால் இழுத்தே நாலு சுவரங்களை அவர் பேச வைப்பது காதில் விழும். மீட்டு ஓய்ந்த பிறகும் பாட்டு ஓயவில்லை என்று தோன்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 78 என்று அச்சிட்ட தட்டுகள் எல்லாம் நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். செல்போனில் இன்று கேட்கிற பழைய பதிவுகளில் பல, யாரோ எந்த வேகத்திலோ ஓட்டிப் பிரதி எடுத்தவை. 'அந்தக் காலத்தில் எல்லோரும் எவ்வளவு உச்சத்தில் பாடினார்கள்!' என்று வியப்பதற்கு முன்பு இதையும் யோசிக்க வேண்டும்.

இனி ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'பருலன்ன மாட'. பிறர் சொல்வதை நம்பாதே என்று நாயகி நாயகனிடம் மன்றாடுகிற ஜாவளி. ராகம் காபி. 'என்ன தவம் செய்தனை' தெரிந்தவர்களுக்குக் காபி பழக்கமான ராகம்தான். (அது ஊத்துக்காடு வேங்கட கவியின் பாட்டு என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். எழுதியவர் பாபநாசம் சிவன். பதிவுகளின் மேலுறையை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.) கரகரப்ரியாவின் குடும்பத்தில் பிறந்த ராகம் இது. மேடையில் இன்று கேட்கிற காபியில் அந்தர காந்தாரம், காகலி நிஷாதம் போன்ற அந்நிய சுவரங்கள் தாராளமாக வந்து போகும். வடநாட்டுச் சாயலும் குழைவும் சேரும். பழைய கர்நாடகக் காபியில் இந்த அலங்காரம் குறைவு. கானடாவின் நிழல் அங்கங்கே விழும். கொஞ்சம் இறுக்கமான முகம்.

தனம்மாளின் பேத்திகள் டி. பிருந்தாவும் டி. முக்தாவும் பாடிய பதிவில் தொடங்குவதுதான் நல்லது. இரண்டு குரல்களும் ஒரே கமகத்தில், அதாவது சுவரத்தை அசைக்கிற ஒரே விதத்தில், ஒன்றாக வளைவதைக் கேளுங்கள். வேகம் நிதானம், அழுத்தம் இல்லை. ஒரு சொல்லின் நடுவே இரண்டு சுவரங்களுக்கு இடையில் அவர்கள் எடுத்துக்கொள்கிற நேரத்தில்தான் பாட்டின் மன்றாட்டு இருக்கிறது. பிறகு வேறொரு பாடகர் கச்சேரி முடிவில் துக்கடாவாகப் பாடிய பதிவைப் போடுங்கள். மிருதங்கம் தூக்கலாக இருக்கும், நடை துள்ளும், காபியும் நாம் அறிந்த காபியாக முகம் மாறியிருக்கும். முதலில் கேட்டபோது கெஞ்சியவள் இப்போது கொஞ்சுகிறாளோ என்று தோன்றும். சாகித்யம் மாறவில்லை. சுவரங்களின் இடுக்கில் நடந்த மாற்றம் அது.

மூன்றாவதாக நாட்டியத்துக்குப் பாடியது. தனம்மாளின் இன்னொரு பேத்தி டி. பாலசரசுவதி (1918–1984). அவர் ஆட, தாயார் ஜயம்மாள் பாடுவார். பாலாவே பாடிய பதிவுகளும் உண்டு. நாட்டியத்தில் ஒரே வரி எட்டுப் பத்து முறை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வேறொரு சங்கதி (அதே வரிக்கு மெட்டில் ஒரு மாற்றம்), வேறொரு பாவம். பாடகி கண்ணை மூடிப் பாட முடியாது; ஆடுகிறவளின் புருவத்தைப் பார்த்துத்தான் அடுத்த சங்கதியை எடுக்க வேண்டும். காதால் மட்டும் கேட்கும்போது 'ஏன் இதே வரியில் நிற்கிறார்கள்?' என்று சலிப்புத் தட்டினால், கேட்பவரிடமும் பாடுகிறவரிடமும் குறை இல்லை. பாட்டின் பாதி மேடையில் இருக்கிறது. தட்டில் அது ஏறவில்லை.

இப்படிக் கேட்கும்போது எழுகிற வழக்கமான கேள்வி, 'எது சரியான பாடம்?' குருவிடமிருந்து வழிவழியாக வரும் பாடத்தைச் சங்கீதக்காரர்கள் பாடாந்தரம் என்பார்கள். ஜாவளிகளை சுவரப்படுத்தி பிருந்தா வெளியிட்ட தொகுப்பை 1960இல் மியூசிக் அகாதெமி பதிப்பித்தது. அதை விரித்துவைத்துக்கொண்டு அவர் பாடியதையே கேட்டால் வேடிக்கையாக இருக்கும். தாளில் ஒற்றை எழுத்தாக நிற்கிற 'க' அவர் குரலில் அசைந்து, தொட்டு, சரிந்து வருகிறது. எழுத்து என்பது வீட்டு விலாசம் மட்டுமே. வீட்டில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பதிவைத்தான் கேட்க வேண்டும். பிருந்தாவிடம் பதமும் ஜாவளியும் கற்றுக்கொள்ள எம்.எஸ். சுப்புலட்சுமியே போனார். அருணா சாயிராம், சித்திரவீணை ரவிகிரண் போன்றவர்களும் அந்த வழியில் வந்தவர்கள். ஆசிரியையின் பதிவையும் மாணவர்களின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், எது கைமாறியது, எது அவரவர் சொந்தக் குரலில் கரைந்தது என்பது ஓரளவு பிடிபடும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்குப் பண்டிதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. இயர்போன் ஒன்று, அரை மணி நேரம், பாட்டின் பொருள் இவை போதும். பாடகருக்குப் பாடகர் கட்டை மாறும். அதனால் ஒன்று முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், தம்பூரா சுருதி காதில் படியும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம். ஒலி அளவைச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். முதல் தடவை முழுப் பாட்டு. பிறகு பல்லவி மட்டும், எல்லாப் பதிவுகளிலும். எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று மட்டும் கவனித்தால்கூட நிறையத் தெரியும். சென்னைக்கு வருகிறவர்கள் மியூசிக் அகாதெமி வளாகத்தில் உள்ள டேக் ஒலிக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். பென்னாகரத்திலோ அரூரிலோ இருப்பவர்களுக்குச் செல்போன்தான் காப்பகம். பெயர்களை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

ஒரே பதிவுக்குள்ளேயே ஒப்பிட்டுக் கேட்கவும் ஒரு வழி உண்டு. பாலசரசுவதியின் தம்பி டி. விஸ்வநாதன் (1927–2002) புல்லாங்குழல் வித்வான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ், கர்நாடக சங்கீத மேடைகளில் 'பாகவதர்' என்றே அழைக்கப்பட்டார். விஸ்வநாதனுக்கு ஒரு பழக்கம். வாசித்துக்கொண்டே இருப்பவர், நடுவில் குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அதே வரியைப் பாடுவார். பாட்டி வீட்டுப் பாணியில், தணிந்த குரலில். மறுபடி குழல், மறுபடி குரல். அந்தப் பதிவுகளில் ஒன்று கிடைத்தால் ஒப்பிடுவதற்கு இன்னொரு தட்டைத் தேட வேண்டாம். குழல் விட்ட இடத்தில் குரல் எந்த கமகத்தோடு நுழைகிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.